இது மீட்டர் கேஜா?

பொங்கலுக்கு ஜோலார்பேட்டை போனபோது நான் செய்த மாடல் ரயில் இன்ஜினையும் எடுத்துக்கொண்டு போனேன். செருப்புப் பெட்டிக்குள் தெர்மகோல் வெட்டிப் பொருத்தி, இன்ஜினைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து ஊர் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். கரியும் தண்ணீரும் சுமக்கிற பின்பெட்டியான டெண்டரோடு சேர்த்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் நீளம். அந்த ஒரு சாணுக்குப் பின்னால் இரண்டரை வருட ஞாயிற்றுக்கிழமைகள், பற்றவைப்பு ஊசி சுட்ட விரல்கள், வீட்டில் கேட்ட பேச்சு எல்லாம் இருக்கின்றன. பெரியப்பா அந்த ஊர் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, இரண்டாவது ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன் என்று ஏறி, பிற்பாடு டிரைவராகி ஓய்வு பெற்றவர். அவர் கரி அள்ளிப் போட்ட அதே வகை இன்ஜின்தான் இது, அகலப்பாதையில் கூட்ஸ் இழுத்த டபிள்யூ.ஜி. அவருக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவது?

சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மற்றவர்களெல்லாம் பக்கவாட்டில் நின்று "அட, சக்கரத்துக்குள்ள கம்பியெல்லாம் இருக்கே" என்று பார்த்தார்கள். பெரியப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையின் குறுக்குப் பக்கம் போய் உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டார். முகவாய் மேசையைத் தொடும் அளவுக்குக் குனிந்து, இன்ஜினை நேர் முன்னாலிருந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்: "இது மீட்டர் கேஜா?"

"இல்ல பெரியப்பா, டபிள்யூ.ஜி. நம்பர் போட்டிருக்கேன் பாருங்க."

"நம்பரப் பாத்தேன்டா. கேஜத்தான் கேக்கறேன்."

அவ்வளவுதான். பெரியம்மா இலை போட்டுவிட்டார், எல்லோரும் எழுந்துவிட்டோம். அவர் குறையாகச் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு பாய்லரை விரலால் தடவிப் பார்த்து "டோம் நல்லா வந்திருக்கு" என்றுகூடச் சொன்னார். ஆனால் திரும்பி வரும் வண்டியில் பெட்டி மடியில் இருந்தபோது எனக்கு அந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் எனக்கு முன்பே தெரியும், இரண்டரை வருடமாகத் தெரியும்.

எல்லோரும் டபிள்யூ.பி. பக்கம்

நீராவி இன்ஜின் என்றதும் நம் ஆட்கள் பெரும்பாலும் டபிள்யூ.பி.யைத்தான் சொல்வார்கள். 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிலிருந்து வந்திறங்கிய, தோட்டா மாதிரி மூக்கில் நட்சத்திரம் வைத்த, எக்ஸ்பிரஸ் வண்டி இழுத்த அழகி. டபிள்யூ.ஜி.க்கு அந்த மூக்கு இல்லை. முன்பக்கம் தட்டையாக, அடுப்பங்கரை அண்டா மாதிரி இருக்கும். இத்தனைக்கும் இரண்டுக்கும் ஒரே பாய்லர்தான். வித்தியாசம் கீழே: டபிள்யூ.பி.க்கு 67 அங்குலச் சக்கரம் ஆறு, டபிள்யூ.ஜி.க்கு 61½ அங்குலச் சக்கரம் எட்டு. ஓடுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று. 1950இல் கிளாஸ்கோவில் செய்து வரத் தொடங்கிய இந்த இன்ஜின்தான் அதே வருடம் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் இன்ஜினும். 8401ஆம் எண், பெயர் தேசபந்து. 1970 ஜூனில் 10560ஆம் எண்ணோடு நிறுத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் அந்திம் சிதாரா, கடைசி நட்சத்திரம். அகலப்பாதைக்கென்று இங்கே கட்டிய கடைசி நீராவி இன்ஜின் அது. நடுவில் மொத்தம் 2,450. அவ்வளவு எண்ணிக்கையில் ஊரெல்லாம் திரிந்த ஒன்றை யாரும் நின்று பார்ப்பதில்லை, போட்டோ எடுப்பதும் குறைவு. எக்ஸ்பிரஸ் போவதற்காக லூப் லைனில் ஒதுங்கி, மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் வண்டிதானே.

நான் அதைச் செய்ய ஆசைப்பட்டதற்குப் பெரியப்பா ஒரு காரணம், கொஞ்சம் வீம்பும் காரணம். தயாராக வாங்கிவிடும்படி எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஒரு ரயில்வே கட்டடத்தின் வாசலில் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கும் டபிள்யூ.ஜி.யை அனுமதி வாங்கிக்கொண்டு டேப்பால் அளந்தேன், இரண்டு நாள். பீடத்தில் நிற்கும் இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் ஒரே தலைவிதி: வருடா வருடம் ஒரு கோட் பெயின்ட், சிவப்பு, நீலம், கையில் வெள்ளி டப்பா கிடைத்தால் வெள்ளி. ஓடிய காலத்தில் கறுப்பாக இருந்தது என்பது பெயின்ட் அடிப்பவருக்கு யாரும் சொல்லாத செய்தி. பித்தளையில் இருந்ததெல்லாம் டிரைவர் நிற்கிற கேபிலிருந்து எப்போதோ காணாமல் போயிருந்தது. வால்வுகள் இருந்த இடத்தில் ஓட்டைகள், ஓட்டைகளில் குருவி வைக்கோல். அந்த ஓட்டைகளையும் அளந்து குறித்துக்கொண்டேன், எதற்கு என்று தெரியாமலே.

அப்புறம் பித்தளைத் தகடு, ஸ்டைரீன் தாள், அளவு கொடுத்து ரெசினில் அச்சடித்து வாங்கிய சில உருப்படிகள், ஒரு சின்ன மோட்டார். இதில் என்னை அதிகம் படுத்தியது பாய்லரோ புகைபோக்கியோ இல்லை, சக்கரங்களின் கோணம்தான். நிஜ இன்ஜினில், பிஸ்டன் தள்ளும்போது சக்கரத்தைச் சுற்றவைக்கிற இடது பக்கக் கிராங்கும் வலது பக்கக் கிராங்கும் ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி நிற்கும். ஒரு பக்க பிஸ்டன் கோடியில் போய் முட்டி நிற்கும்போது மறு பக்கம் நடு ஓட்டத்தில் முழு வலுவோடு தள்ளிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி கிளம்ப முடியாத இடத்தில் மாட்டிக்கொள்ளும். மாடலில் நீராவி கிடையாது, மோட்டார்தான் சுற்றுகிறது. அதனால் துல்லியமாக 90 இல்லாமல் 87 இருந்தாலும் கெட்டுப்போகாது. ஆனால் நான்கு அச்சுகளிலும் அதே 87 இருந்தாக வேண்டும். ஒன்றில் ஒரு டிகிரி பிசகினாலும் இணைப்புத் தண்டு இழுத்துப் பிடிக்கும், இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை நொண்டும். என்னுடையது மூன்று வாரம் நொண்டியது. அச்சைக் கழற்றுவது, திருப்புவது, மாட்டுவது, ஓட்டுவது, மறுபடி கழற்றுவது. ஒரு ராத்திரி நொண்டாமல் ஓடியபோது யாரையாவது எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன், வீட்டில் அந்தத் தைரியம் வரவில்லை.

"யாரு அதப் பாக்கப் போறா?"

சரி, கேஜுக்கு, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள அகலத்துக்கு வருகிறேன்.

நம் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், 1676 மி.மீ. அந்தக் கால கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 6 அடி கேட்டு, பேரம் படிந்து அந்த எண்ணில் வந்து நின்றது. நான் செய்தது 1:87, எச்.ஓ. என்கிற அளவு. 1676ஐ 87ஆல் வகுத்தால் 19.26 மி.மீ. கடையில் கிடைக்கிற எச்.ஓ. தண்டவாளமோ 16.5 மி.மீ. அது ஐரோப்பா, அமெரிக்காவின் 4 அடி 8½ அங்குலப் பாதைக்காகச் செய்தது. 16.5ஐ 87ஆல் பெருக்கிப் பாருங்கள், 1435 வரும். அதாவது என் கூட்ஸ் இன்ஜின் சென்னை மெட்ரோ ஓடுகிற அகலத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

தெரிந்தேதான் செய்தேன். மாதம் ஒருமுறை ஒன்றுகூடி மாடல் ஓட்டுகிற நாங்கள் ஆறேழு பேரும் தெரிந்தேதான் செய்கிறோம். தண்டவாளம், வண்டி தடம் மாறுகிற பாயின்ட், சக்கரம், அச்சு, எல்லாம் 16.5க்குத்தான் கிடைக்கிறது. ஆளாளுக்கு 19.26 போட ஆரம்பித்தால் எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டும், செய்தாலும் ஒருவர் இன்ஜின் இன்னொருவர் வீட்டுத் தண்டவாளத்தில் ஓடாது. அதனால் ஒரு சமாதானம் வைத்திருக்கிறோம்: "ரெண்டே முக்கால் மில்லிமீட்டர். யாரு அதப் பாக்கப் போறா?" இதற்கு முன்னோடியும் உண்டு. பிரிட்டிஷ்காரர்களின் இன்ஜின்கள் உடம்பு சின்னவை, 1:87இல் செய்தால் அந்தக் கால மோட்டார் உள்ளே நுழையவில்லை. அதனால் உடம்பை மட்டும் அடிக்கு 4 மி.மீ. என்று பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அதே 16.5இல் விட்டுவிட்டார்கள். கணக்குப்படி 18.83 இருந்திருக்க வேண்டும். அந்தத் தப்போடு தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறார்கள், பெரும்பாலோருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்கே அப்படியென்றால் நமக்கென்ன என்று நானும் இருந்தேன்.

பெரியப்பா கேட்ட பிறகு அந்தச் சமாதானம் வேலை செய்யவில்லை. ஊரிலிருந்து வந்த ராத்திரி இன்ஜினை மேசை விளிம்பில் வைத்து, அவர் மாதிரியே முகவாயைத் தாழ்த்தி முன்னாலிருந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அகன்ற தோள், உருண்டை பாய்லர், இரு பக்கமும் பெரிய சிலிண்டர், அதற்கெல்லாம் கீழே ஒடுங்கிப்போன கால்கள். மீட்டர் கேஜ் இன்ஜின் அப்படித்தான் இருக்கும், பாதையை விட உடம்பு நன்றாக வெளியே துருத்திக்கொண்டு. அகலப்பாதை இன்ஜின் காலை அகட்டி நிற்கும் பயில்வான். நான் பயில்வானின் உடம்பைச் செய்து அதற்கு வேறு யாருடைய காலையோ மாட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மாடலைப் பார்ப்பதே பக்கவாட்டில். எங்கள் குறிப்புகள், வரைபடங்கள், போட்டோக்கள் எல்லாம் பக்கவாட்டுத் தோற்றம். ரயிலை வேடிக்கை பார்க்க வந்தவனின் கோணம் அது, பிளாட்பாரத்தில் நிற்கிறவனின் கோணம். ஷெட்டில் வேலை பார்த்தவன் இன்ஜினை முன்னாலிருந்து பார்ப்பான், அடியிலிருந்து பார்ப்பான். சாம்பல் குழிக்குள் இறங்கி அண்ணாந்தால் தலைக்கு மேலே தெரிவது இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளிதான். பெரியப்பா அதற்குள் வருடக்கணக்கில் ஏறி இறங்கியவர். அந்த இடைவெளி குறைந்தால் அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

முதலில் நேர்வழியில் போய்ப் பார்த்தேன். 19.26க்கே செய்துவிடுவது. தெரிந்த லேத் பட்டறையில் நான்கு நீள அச்சுகள் கடைந்து வாங்கினேன் (பட்டறைக்காரர் "இது எந்த வண்டிக்கு சார்?" என்றார், கடிகாரத்துக்கு என்று சொல்லிவிட்டேன், விளக்குவது கஷ்டம்). மரச் சட்டத்தில் ஸ்லீப்பர் ஒட்டி ஒரு மீட்டர் பாதையும் போட்டேன். நின்றது, பார்க்கவும் சரியாக இருந்தது. ஒரு மீட்டர் முன்னால் போனது, ஒரு மீட்டர் பின்னால் வந்தது. அடுத்த மாதம் நண்பர் வீட்டுக்கு எடுத்துப்போக முடியவில்லை. ஒரு பாயின்ட்டைக் கையால் செய்யப் பார்த்து ஏழு வாரம் போனது, அதன் மேல் போகிற பெட்டியெல்லாம் தடம் புரண்டது. ஆளே இல்லாத ஊரில் ஒரு மீட்டர் ரயில்வே நடத்துகிற பைத்தியமாகிவிடுவேனோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

மூன்று

அப்புறம் பல வாரம் அதைத் தொடவில்லை. ஒருநாள் என் பழைய அளவுக் குறிப்பு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பீடத்து இன்ஜினை அளந்தபோது எல்லாவற்றையும் அடி, அங்குலத்தில் எழுதியிருந்தேன், அது அந்தக் கணக்கில் பிறந்த இன்ஜின் என்பதால். வீட்டுக்கு வந்துதான் மில்லிமீட்டராக்கி 87ஆல் வகுத்தது. மாடல்காரர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு: விகிதம் சொல்லாமல் 'அடிக்கு இத்தனை மி.மீ.' என்று சொல்வது. எச்.ஓ. என்றால் அடிக்கு 3.5. சும்மா அந்த வழியில் எழுதிப் பார்த்தேன். 5½ × 3.5 = 19.25. சரி, அதே பதில்தான். அந்தப் பெருக்கலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் 3.5ஐப் பிடித்து வைத்துக்கொண்டு 19.25ஐ எப்படிக் கொண்டுவருவது என்று முட்டிக்கொண்டிருந்தேன். தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு 3.5ஐ மாற்றினால்?

16.5ஐ 5½ஆல் வகுத்தேன்.

மூன்று.

மூன்று புள்ளி ஏதோ இல்லை. வெறும் மூன்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடிக்கு 3 மி.மீ. என்று இன்ஜினைச் செய்தால், கடையில் கிடைக்கிற இந்தத் தண்டவாளம், நாங்கள் இத்தனை வருடம் தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டே வாங்கிய இதே தண்டவாளம், துல்லியமாக, ஒரு இழை கூடாமல் குறையாமல், இந்திய அகலப்பாதை. 5 அடி 6 அங்குலம் என்று பேரம் பேசி முடித்தவர்களுக்கும், பின்னால் வந்து பொம்மை ரயிலுக்கு 16.5 என்று முடிவு செய்தவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டும் இப்படி ஒரு முழு எண்ணில் வந்து முட்டுகின்றன. 3 மி.மீ. அளவு ஒன்றும் நான் கண்டுபிடித்ததில்லை. 1957இலேயே ட்ரை-ஆங் கம்பெனி இங்கிலாந்தில் அந்த அளவில் ரயில் விற்றது, 12 மி.மீ. தண்டவாளத்தில், அதிலும் பாதை குறுகல்தான். ஐந்தரையால் வகுக்கத் தெரிந்த யாருக்கும் இந்த மூன்று கிடைத்திருக்கும். எனக்கு இரண்டரை வருடம் தேவைப்பட்டது.

சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்திருக்கும். அப்புறம் அலமாரியில் இருந்த இன்ஜின் கண்ணில் பட்டது. 3 மி.மீ. என்றால் விகிதம் 1:101.6. என் பாய்லர், கேப், டெண்டர், நொண்டி நொண்டிச் சரியான அந்த எட்டுச் சக்கரம், ஒன்றுகூட உதவாது. நண்பர்களின் பெட்டிகளுக்கு முன்னால் கோத்தால் புது இன்ஜின் 14 சதவீதம் சின்னதாகத் தெரியும். இந்த 14ஐ எங்கோ பார்த்திருக்கிறோமே என்று கணக்குப் போட்டேன். 19.25க்கும் 16.5க்கும் உள்ள வித்தியாசமும் அதே 14 சதவீதம்தான். வேறெப்படி இருக்கும்! குறை எங்கேயும் போகவில்லை. தண்டவாளத்திலிருந்து அதை எடுத்து இன்ஜின் முழுவதும் சமமாகத் தடவிவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் சமமாகத் தடவிய குறை குறையா என்ன? முழு ஆளையும் சின்னதாக்கினால் சின்ன ஆள். காலை மட்டும் சின்னதாக்கினால் வேறு ஆள்.

நண்பர் ஒருவருக்குப் போனில் சொன்னேன். "ஒரு மில்லிமீட்டருக்காக மொத்த இன்ஜினயும் தூக்கிப் போடறியா?" என்றார். ஒன்று இல்லை, இரண்டே முக்கால் என்றேன். அவர் அதற்குச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

முன்னாலிருந்து

புது இன்ஜினின் அடிச்சட்டத்தை மட்டும் செய்யத் தொடங்கினேன். அங்கே அடுத்த பள்ளம் காத்திருந்தது. மாடல் சக்கரங்கள் தடிமனானவை. நிஜத்தில் அகலப்பாதைச் சக்கரத்தின் அகலம் 127 மி.மீ., கடையில் வாங்குகிற சாதாரண எச்.ஓ. சக்கரம் 2.8 மி.மீ., அந்த அளவுக்கு இரண்டு மடங்கு. சின்னப் பாயின்ட்டிலும் கோணல் தண்டவாளத்திலும் கீழே விழாமல் ஓடுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். நிஜ வண்டியில் இரு சக்கரங்களின் உள்முகத்துக்கு நடுவே 1600 மி.மீ., இரண்டு பக்கமும் 127 சேர்த்தால் வெளிமுகத்துக்கு வெளிமுகம் 1854. இதை 3 மி.மீ. அளவுக்கு மாற்றினால் 18¼. என்னிடம் இருந்த சக்கரங்களை மாட்டினால் 20. என்ன ஆகும்? சக்கரம் வெளியே தள்ளும், அதற்கு வெளியே ஓட வேண்டிய தண்டுகள் வெளியே தள்ளும், தண்டுகளின் வரிசையில் நிற்க வேண்டிய சிலிண்டர்கள் கடைசியில் கேபை விட அகலமாகப் போய் நிற்கும். பழைய 1:87 இன்ஜினில் இந்தத் தடிமனே எனக்கு உதவியாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது: பாதை குறுகல், சக்கரம் தடிமன், இரண்டும் பாதிக்குப் பாதி ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் பார்க்கிறவனை ஏமாற்றின. ஒரு பொய்யைத் திருத்தினால் அதை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு பொய் அம்பலமாகிறது.

மறுபடி லேத் பட்டறை. இந்த முறை கடிகாரம் என்று சொல்ல முடியவில்லை, சக்கரம் சக்கரமாகவே இருந்தது. எட்டையும் சீவி 2.2 மி.மீ.க்குக் கொண்டுவந்தார், இரண்டைக் கெடுத்து, வேறு இரண்டு வாங்கி வந்து. இப்போது வெளிமுகம் 18.8. இன்னும் அரை மி.மீ. கூடுதல். அந்த அரையை நான் விட்டுவிட்டேன். சாம்பல் குழியிலிருந்து பார்த்தால் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், யாரிடமும் கேட்கவில்லை. மோட்டார் சுலபமாகக் கிடைத்தது, சுண்டுவிரல் நுனி அளவு. மோட்டார் நுழையவில்லை என்று உடம்பைப் பெரிதாக்கியவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. கோணம் வைப்பதற்கு இந்த முறை ஒரு சின்ன அச்சுப்பிடி செய்துகொண்டேன், இரண்டு நாளில் முடிந்தது. நொண்டவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஆடிக்கு ஊருக்குப் போனேன். பெட்டியில் வெறும் அடிச்சட்டம்: எட்டு ஓட்டுச் சக்கரம், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, தண்டுகள், மேலே மொட்டையாக மோட்டார். கூடவே ஒரு முழம் தண்டவாளம். பெரியப்பாவுக்குக் கண் புரை அறுவை ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே நாற்காலியை அதே இடத்துக்கு இழுத்துக்கொண்டார். முன்னாலிருந்து பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

"ம்" என்றார்.

அப்புறம் கையில் எடுத்து, முன் சக்கரத்தை விரலால் உருட்டினார். ஒரு பக்கக் கிராங்க் நேர் முன்னால் வந்ததும் நிறுத்தி, இன்ஜினைத் திருப்பி மறு பக்கக் கிராங்க் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். உச்சியில் நின்றது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தண்டவாளத்தில் திரும்ப வைத்துவிட்டு, மொட்டையாக இருந்த பின்பக்கத்தை, கேப் வரப்போகிற இடத்தை, விரலால் தொட்டுக் காட்டினார்.

"போன தடவ இங்க ரெண்டே ஆள் வச்சிருந்த."

வைத்திருந்தேன். டிரைவர் ஒன்று, ஃபயர்மேன் ஒன்று. வெளிநாட்டு மனிதப் பொம்மைப் பாக்கெட்டில் அப்படி ஜோடியாகத்தான் வரும். முதல் தடவை கேஜைப் பற்றிக் கேட்டவர் இதையும் அன்றே பார்த்திருக்கிறார், ஆறு மாதம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

"மூணு பேருடா. டிரைவரு, ரெண்டு ஃபயர்மேனு. ஒருத்தன் போடுவான், இன்னொருத்தன் டெண்டர்ல குனிஞ்சி கரி ஒடச்சித் தள்ளிக்கினே இருப்பான். நான் மொதல்ல அவன்தான்."

ஊரிலிருந்து வந்ததும் அந்த மூன்றாவது ஆளுக்கு அளவு போட்டேன். பெரியப்பா ஐந்தரை அடி. அடிக்கு 3 மி.மீ. என்றால் 16.5, தண்டவாளத்தின் அகலமேதான். நோட்டில் எழுதிவிட்டு அடித்துவிட்டேன். குனிந்து கரி உடைக்கிறவன் 16.5 இருக்க மாட்டான், 10 அல்லது 11தான் வரும்.